சொரசொரப்பை அதிர்வில் காட்ட எந்த மோட்டார்?

கையில் பிடித்த பேனாவைக் கண்ணாடிமேல் இழுக்கிறோம். உப்புத்தாள்மேல் இழுப்பதுபோல் தோன்ற வேண்டும். வேலை இவ்வளவுதான். கல்லூரி புராஜெக்ட் செய்பவரும், மருத்துவப் பயிற்சிக் கருவி செய்பவரும், கேம் கன்ட்ரோலர் வடிவமைப்பவரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: உள்ளே எதை வைத்து அதிர வைப்பது? பட்டன் மோட்டாரா, எல்ஆர்ஏவா, வாய்ஸ் காயிலா, பீசோவா? (ஒவ்வொன்றும் என்ன என்பது கீழே வரும்.) பெரும்பாலானோர் கையில் கிடைத்த பட்டன் மோட்டாரை வைத்துத் தொடங்கிவிடுகிறார்கள். பல வாரம் புரோகிராமோடு மல்லுக்கட்டிய பிறகுதான் கோளாறு புரோகிராமில் இல்லை, மோட்டாரில் என்று தெரியவருகிறது.

அதனால் பொருள்களின் விலைப்பட்டியலுக்குப் போகும்முன் தோல் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

தோல் எதைப் படிக்கிறது

சொரசொரப்பை விரல் இரண்டு வழிகளில் அறிகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இலேயே எழுதினார். மேடுபள்ளம் பெரிதாக இருந்தால் விரலை அழுத்தி வைத்தாலே போதும், தோல் எங்கெங்கே குழிகிறது என்பதை வைத்து உணர்ந்துவிடலாம். மிக நுண்ணியதாக இருந்தால் விரலை நகர்த்தியாக வேண்டும். நகரும்போது எழும் அதிர்வுதான் செய்தி. 2000ஆம் ஆண்டையொட்டி மார்க் ஹாலின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தின. எல்லைக்கோடு ஏறத்தாழ 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உப்புத்தாள் கணக்கில் சொன்னால், 80ஆம் எண் தாளின் துகள் சராசரியாக 201 மைக்ரான். சரியாக வேலியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 400ஆம் எண் தாளில் துகள் 35 மைக்ரான். அதை அசையாத விரல் கிட்டத்தட்ட வழுவழுப்பு என்றே சொல்லும்.

பேனா பிடித்தால் கதை இன்னும் எளிது. விரலுக்கும் பரப்புக்கும் நடுவே ஒரு கட்டை வந்துவிடுவதால் குழிவுச் செய்தி அறுந்துபோகிறது. கரடுமுரடானாலும் நுண்ணியதானாலும் எல்லாமே அதிர்வாகத்தான் கைக்கு வரும். அதிர்வு மோட்டாரை மட்டும் வைத்துச் சொரசொரப்பை நம்ப வைக்க முடிகிறது என்றால், அதற்கு இந்த அறுந்துபோதல்தான் காரணம். வெறும் விரலைவிடப் பேனாவில் ஏமாற்றுவது எளிது.

அதிர்வைப் பிடிப்பவை முக்கியமாக இரண்டு ஏற்பிகள், அதாவது தோலுக்குள் இருக்கும் உணர்வு நரம்பு முனைகள். மெய்ஸ்னர் ஏற்பி 5 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை வருவதைப் படபடப்பாக உணரும். பசினியன் ஏற்பி ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் தொடங்கி 1000 வரை கேட்கும். 200 முதல் 300 வரை அதன் காது மிகக் கூர்மை, அங்கே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அசைவே போதும். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. அதிர்வெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காவது மாறினால்தான் வித்தியாசம் தெரியும். 250க்கும் 265க்கும் அதற்கு ஒன்றே. அதிர்வு எந்தத் திசையில் வருகிறது என்பதும் அதற்குச் சரியாகத் தெரியாது. இந்த இரண்டாவது குறை நமக்கு வரம். உண்மைப் பரப்பில் பேனா மூன்று அச்சிலும் அதிரும்; நாம் மூன்றையும் ஒரே அலையாகச் சுருக்கி ஒரே மோட்டாரில் கொடுத்தால் போதும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் குச்சென்பெக்கர் குழு 2010இல் இதற்கென்றே ஒரு கணக்குமுறை கொடுத்தது: மூன்று அச்சுகளின் நிறமாலை ஆற்றலை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் உள்ள ஆற்றலை) கூட்டி ஓர் அச்சில் வைப்பது.

கடைசியாக ஒரு வாய்ப்பாடு. அதிர்வெண் என்பது கையின் வேகத்தைப் பரப்பின் இடைவெளியால் வகுத்தால் வருவது. 0.4 மி.மீ. இடைவெளியுள்ள வரிகளின்மேல் விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் போனால் 250 ஹெர்ட்ஸ். அதே வரிகள்மேல் 40 மி.மீ. வேகத்தில் போனால் 100 ஹெர்ட்ஸ். கை வேகம் மாற மாற அதிர்வெண்ணும் உடனுக்குடன் மாற வேண்டும், கை நின்றால் அதிர்வும் நிற்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வகையையும் இந்த ஒரு கேள்வியால் உரசிப் பாருங்கள்.

பட்டன் மோட்டார்

பழைய கைபேசிகளில் இருந்தது. ஒருபக்கம் கனமான சக்கரம் சுற்றும். 10 மி.மீ. விட்டம், 3 வோல்ட், நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் 200 ஹெர்ட்ஸ். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு டிரான்சிஸ்டரும் டயோடும் இருந்தால் ஓடும். (மைக்ரோகன்ட்ரோலர் காலில் நேராக மாட்டாதீர்கள்; மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் அந்தக் கால் தாங்குவதைவிட அதிகம்.)

சொரசொரப்புக்கு இது ஏன் ஆகாது? சுற்றும் வேகமும் அதிர்வின் பலமும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. 100 ஹெர்ட்ஸிலிருந்து 200க்கு ஏற்றினால் விசை நான்கு மடங்காகும். நுண்ணிய, மெல்லிய உரசல் வேண்டுமென்றால் அதிர்வெண் உயரமாகவும் பலம் குறைவாகவும் இருக்க வேண்டும். இதில் அது நடக்கவே நடக்காது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சக்கரம் சுற்றத் தொடங்குவதே இல்லை. தொடங்கினாலும் முழுவேகம் பிடிக்க 50 முதல் 100 மில்லிவிநாடி. விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் போகும் கை அதற்குள் 5 முதல் 10 மி.மீ. கடந்திருக்கும். மரத்துக்கும் துணிக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு கண்ணுக்கு ஓரிடத்திலும் கைக்கு ஓரிடத்திலும் வரும். எச்சரிக்கைக்கு நல்ல மோட்டார், உரசலுக்கு அல்ல.

எல்ஆர்ஏ

லீனியர் ரெசனன்ட் ஆக்சுவேட்டர் என்பதன் சுருக்கம். சுருளும் காந்தமும் கம்பிவில்லும் சேர்ந்து ஒரே அச்சில் முன்பின் ஆடுவது. ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது அது இயல்பாகவே பலமாக ஆடும் அதிர்வெண், பெரும்பாலும் 175 அல்லது 235 ஹெர்ட்ஸ். அங்கே ஓட்டினால் பலமாகவும் மின்சிக்கனமாகவும் ஆடும். சில ஹெர்ட்ஸ் தள்ளிப்போனாலே பலம் சரசரவென்று இறங்கிவிடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி2605எல் போன்ற டிரைவர்கள் (மோட்டாரை ஓட்டும் சிப்புகள்) இந்த ஒத்ததிர்வைத் தாமே தேடிப் பிடித்துக்கொள்ளும். கைபேசிக்கு அது அருமையான வசதி. நமக்கோ அதுவே கட்டு: நாம் 120 கேட்டாலும் டிரைவர் 175க்கே இழுத்துப்போகும். ஒத்ததிர்வைத் தேடாத திறந்த சுற்று முறைக்கு மாற்றி 120இல் ஓட்டலாம், ஆனால் கையில் எதுவும் தெரியாது.

இருந்தாலும் எல்ஆர்ஏவில் ஒரு குறுக்குவழி உண்டு. 175 ஹெர்ட்ஸை அப்படியே ஓடவிட்டு, அதன் பலத்தை மட்டும் கையின் வேகத்துக்கேற்ப 10 முதல் 40 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கினால் கோரைப்பாய்மேல் இழுப்பது போன்ற பெரிய வரிகள் நன்றாகவே வரும். 1 மி.மீ.க்கு மேற்பட்ட வரிகள், பல்சக்கரக் கடகடப்பு, பட்டன் தட்டும் சொடுக்கு எல்லாம் இதில் முடியும். சுண்ணாம்புச் சுவர், பருத்தித் துணி, 240ஆம் எண் உப்புத்தாள் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டச் சொன்னால் மூன்றுமே ஒரே ரீங்காரமாக வரும். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்ட்ரோலரில் இருப்பது இந்தக் குடும்பத்தின் மேம்பட்ட வகை; 160, 320 ஹெர்ட்ஸையொட்டிய இரண்டு அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே ஓட்டலாம். சாதாரண எல்ஆர்ஏவுக்கும் அதற்கும் கையில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரிது.

வாய்ஸ் காயில்

பேனாவுக்கு இதுதான் சரி. ஸ்பீக்கரிலிருந்து காகிதக் கூம்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கனத்தை ஆடவிட்டதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண்ணையும் பலத்தையும் தனித்தனியே கொடுக்கலாம், எந்த அலை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே அலை வெளியே வரும். ஹாப்டிக் (தொடுவுணர்வு) ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஹாப்டுவேட்டர் இந்த வகை. ஹ்சின்-யுன் யாவும் வின்சென்ட் ஹேவர்டும் 2010இல் அதன் அமைப்பை விவரித்தார்கள். 2020இல் வந்த சோனி டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்குள்ளும் வாய்ஸ் காயில்தான்.

இதன் பலவீனம் எங்கே என்று ஒரு கணக்கு போட்டால் புரியும். பேனா 50 கிராம், உள்ளே ஆடும் கனம் 5 கிராம் என்று வையுங்கள். பிடிக்கும் கையின் கனத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பேனாவுக்கு 250 ஹெர்ட்ஸில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) முடுக்கம் வேண்டுமானால் பேனா வெறும் 4 மைக்ரான் அசைந்தால் போதும். கனம் பத்து மடங்கு, அதாவது 40 மைக்ரான் எதிர்த்திசையில் ஆடும். ஒன்றும் சிரமமில்லை. அதே 1 ஜியை 40 ஹெர்ட்ஸில் கேட்டால் பேனா 155 மைக்ரான் அசைய வேண்டும், கனம் ஒன்றரை மி.மீ.க்கு மேல் இருபுறமும் ஆட வேண்டும். சிறிய காயிலில் அவ்வளவு இடமே இல்லை. கனம் சுவரில் முட்டி 'டக்டக்' என்று அடிக்கும். அந்த அடி புதிய உயர் அதிர்வுகளைக் கிளப்பி, மென்மையான துணியைக்கூடத் தகரம்போல் காட்டிவிடும். தீர்வு: 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலத்தை 0.1 ஜி அளவுக்குக் கட்டுப்படுத்துங்கள். 40 ஹெர்ட்ஸில் 0.1 ஜி என்றாலே 15 மைக்ரான் அசைவு. கைக்கு அது போதும்.

ஓட்டுவதற்கு விலை மலிவான டி-வகுப்பு ஆடியோ ஆம்ப்ளிஃபையரே போதும். பிஏஎம்8403 அல்லது மாக்ஸ்98357ஏ, 5 வோல்ட், 4 அல்லது 8 ஓம் காயில். சிலர் சிறு போர்டுகளின் உள்ளீட்டில் இருக்கும் மின்தேக்கி தாழ் அதிர்வெண்களை வெட்டுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 30, 40 ஹெர்ட்ஸில் ஒன்றும் வரவில்லை என்றால் காயிலைக் குற்றம் சொல்லும்முன் அந்த மின்தேக்கியைப் பாருங்கள்.

ஆய்வகத் தரக் காயில் ஆயிரக்கணக்கில் விலை. பட்ஜெட் இல்லையென்றால் மேசையில் ஒட்டினால் மேசையையே ஸ்பீக்கராக்கும் சர்ஃபேஸ் எக்சைட்டர் ஒன்றை வாங்கலாம். தாழ் அதிர்வெண்ணில் மெலிந்திருக்கும், கனமும் கூடுதல். முதல் மாதிரிக்கு அது தாராளம்.

பொருத்தும் விதத்தில்தான் பாதி வெற்றி. நுரை டேப்பில் ஒட்டினால் அந்த நுரை வில்லாகி உயர் அதிர்வுகளை விழுங்கிவிடும். திருகு போடுங்கள் அல்லது எபாக்சியில் ஒட்டுங்கள். விரல் பிடிக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். பிடி அகலமாக இருக்கட்டும்: பசினியன் ஏற்பி, தொடும் பரப்பு கூடக் கூட மெல்லிய அதிர்வையும் பிடிக்கும். மெல்லிய சிலிகோன் வயரைத் தளர்வாக விட்டு, பற்றவைத்த இடத்தில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். இல்லாவிட்டால் சில நாள் அதிர்விலேயே வயர் அங்கேதான் அறும்.

பீசோ

மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் பட்டை. தடிமன் மிகக் குறைவு, ஒரு மில்லிவிநாடி அளவில் எழுந்துவிடும், காட்டக்கூடிய அதிர்வெண் வீச்சும் அகலம். விலையாகக் கேட்பது மின்னழுத்தம்: 60 முதல் 200 வோல்ட். டிஆர்வி2667 சிப் 5 வோல்ட்டிலிருந்து 200 வோல்ட் வரை (அலையின் மேல் உச்சத்திலிருந்து கீழ் உச்சம் வரை அளந்தது) ஏற்றிக் கொடுக்கும். பட்டை ஒரு மின்தேக்கி போல் நடந்துகொள்வதால் அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டமும் ஏறும். 100 நானோஃபாரட் பட்டைக்கு 100 வோல்ட் உச்சம், 250 ஹெர்ட்ஸ் என்றால் 16 மில்லியாம்பியர். சிறியதுதான், ஆனால் ஐந்தாறு பட்டை சேர்ந்தால் டிரைவர் திணறும்.

பேனாவுக்குள் பீசோவை வைப்பதில் பெரிய லாபமில்லை. விசை ஏராளம், அசைவு சொற்பம். தொங்கும் கனம் ஒன்றைச் சேர்த்தால்தான் பேனா அதிரும், கீழே விழுந்தால் பீங்கான் விரிசல் விடும். தட்டையான திரையை விரலின்கீழ் அதிர வைக்கவேண்டிய இடத்தில் பீசோவுக்கு நிகரில்லை. திரையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகிவிட்டால் மட்டும் வேலை கெடும்; சுற்றிலும் மெல்லிய நுரை வளையத்தில் மிதக்கவிட வேண்டும்.

மோட்டாரே இல்லாத இரண்டு

வெறும் விரல், கண்ணாடித் திரை, அதிர்வு விரலுக்கு மட்டும் என்று கேட்பவர்கள் உராய்வை மாற்றும் முறைகளையும் பார்க்க வேண்டும். மின்னேற்ற ஈர்ப்பு முறையில் (டிஸ்னி ரிசர்ச் 2010இல் டெஸ்லாடச் என்ற பெயரில் காட்டியது) காப்பிட்ட திரைக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால் நகரும் விரலை அது இழுத்துப் பிடிக்கும். விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 125 ஹெர்ட்ஸ் கொடுத்தால் விரலில் 250 உணரப்படும். இதை மறந்துவிட்டு 'எல்லாமே ஒரு ஆக்டேவ் (இரு மடங்கு அதிர்வெண்) மேலே வருகிறதே' என்று திகைப்பவர்கள் நிறைய. வியர்த்த விரலில் விளைவு படுத்துவிடும். மற்றொன்று மீயொலி முறை: திரையைக் காதுக்குக் கேளாத வேகத்தில் ஓரிரு மைக்ரான் ஆட்டினால் உராய்வு குறையும், விரல் வழுக்கும். ஒன்று உராய்வைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. இரண்டிலும் விரல் நின்றால் உணர்வும் நிற்கும். சொரசொரப்புக்கு அது இயல்பானதே. பேனாவுக்கு இரண்டும் பயனில்லை.

சரி, அலையை எங்கிருந்து எடுப்பது

காயிலை வாங்கியாயிற்று. அதில் என்ன ஓட்டுவது? முதலில் யாருக்கும் தோன்றுவது உண்மைப் பரப்பைப் பேனாவால் உரசிப் பதிவுசெய்து, அதையே திரும்ப ஓட்டுவது. ஏமாற்றம்தான் மிஞ்சும். பதிவு ஒரே வேகத்தில் ஒரே அழுத்தத்தில் எடுக்கப்பட்டது. பயனர் வேகத்தை மாற்றினால் பதிவு மாறாது. அரை விநாடித் துண்டைச் சுழற்றினால் அந்தச் சுழற்சியே ஒரு தாளமாகக் கையில் தட்டும்.

வரிவரியான பரப்புக்கு, கணக்கில் உண்டாக்கிய சைன் அலையே நல்லது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதிர்வெண்ணையும் நேரத்தையும் பெருக்கி நேராக சைனில் போட்டால், வேகம் மாறும் ஒவ்வொரு கணமும் கட்டம் (அலை தன் சுழற்சியில் இருக்கும் இடம்) தாவும். தாவல் ஒவ்வொன்றும் ஒரு 'டிக்'. ஒவ்வொரு மாதிரிக்கும் (சாம்பிள்) கட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். அல்லது நேரத்தையே மறந்து, பேனா இருக்கும் இடத்தை வைத்துக் கட்டத்தைக் கணக்கிடுங்கள்.

உப்புத்தாள், மரம், துணி போன்ற ஒழுங்கற்ற பரப்புக்கு வடிகட்டிய இரைச்சல், அதாவது தேவையான அதிர்வெண்களை மட்டும் விட்டுவைத்த தாறுமாறான அலை. ஹெதர் கல்பர்ட்சன் முதலானோர் 2014இல் வெளியிட்ட பென் ஹாப்டிக் டெக்ஸ்சர் டூல்கிட்டில் 100 பரப்புகளின் பதிவுகளும் கணித மாதிரிகளும் உள்ளன. வேகம், அழுத்தம் இரண்டுக்கும் ஏற்ப வடிகட்டியின் எண்கள் மாறும். சொந்தமாகப் பதிவதானால் ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானி (அதிர்வை அளக்கும் சிப்) விநாடிக்கு 3200 மாதிரி தரும், 1600 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். பசினியன் கேட்கும் எல்லைக்கு அது போதும்.

தொடுதிரையிலிருந்து வேகத்தை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரை விநாடிக்கு 60 முறைதான் இடம் சொல்கிறது என்றால் வேகம் படிப்படியாகத் தாவும். ஒவ்வொரு படியும் அலையில் ஒரு தட்டாக விழுந்து, 60 ஹெர்ட்ஸில் பொய்யான சொரசொரப்பு ஒன்று எல்லாப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியைக் காட்டினால்கூட மெல்லிய மணல் தெரியும். வேகத்தை 10 முதல் 20 ஹெர்ட்ஸ் தாழ்வடிகட்டியில் மழமழவென்று ஆக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

தாமதத்துக்கு புளூடூத் ஆடியோவே எமன். நூறு, இருநூறு மில்லிவிநாடியை அது சத்தமில்லாமல் தின்றுவிடும். வயரில், விநாடிக்கு 48,000 மாதிரி விகிதத்தில், 128 மாதிரி பஃபர் (இடைச்சேமிப்பு) வைத்தால் 2.7 மில்லிவிநாடி. மொத்தத் தாமதத்தை 20க்குள் அடக்கப் பாருங்கள்.

எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

பேனா, கன்ட்ரோலர், கைப்பிடி எதுவானாலும், நுண்ணிய சொரசொரப்புகளைப் பிரித்துக் காட்டவேண்டுமானால் வாய்ஸ் காயில். பெரிய வரிகளும் சொடுக்குகளும் போதும், பேட்டரியோ சிறிது என்றால் எல்ஆர்ஏ. தட்டையான திரையையே அதிர வைக்கவேண்டுமானால் பீசோ. வெறும் விரலில் வழுக்கலும் பிடிப்பும்தான் முக்கியம் என்றால் உராய்வு முறைகள். பட்டன் மோட்டாரைப் பெட்டியில் திரும்பப் போட்டுவிடலாம்.

எதை வாங்கினாலும் அதிர்வு மட்டும் எல்லாவற்றையும் தராது. சொரசொரப்பைத் தரும், கடினத்தையும் வழுக்கலையும் தராது. கண்ணாடித் திரைமேல் 'ரப்பர்' அதிர்வை எவ்வளவு துல்லியமாக ஓட்டினாலும் முனை வழுக்கிக்கொண்டே போகும், கை உடனே கண்டுபிடித்துவிடும். முனைக்கு ரப்பர் தொப்பி போடுவது, திரைக்கு மேட் படலம் ஒட்டுவது போன்ற அற்ப வேலைகள் சில சமயம் இன்னொரு மாத புரோகிராமைவிட அதிகம் சாதிக்கும்.

பொருத்தி முடித்ததும் முடுக்கமானியைப் பிடியில் ஒட்டி, 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை ஒரே பலத்தில் ஓட்டிப் பாருங்கள். மேசையில் வைத்தல்ல, கையில் பிடித்து. கை அதிர்வை அடக்கி ஒத்ததிர்வை இடம் மாற்றிவிடும். எங்காவது ஒரு மேடு எழுந்திருந்தால் அந்த அதிர்வெண் எல்லாப் பரப்பையும் ஆக்கிரமித்துக்கொள்ளும், பட்டும் சணலும் ஒன்றாகிவிடும். அந்த மேட்டை, அதே அதிர்வெண்ணை அதே அளவு குறைக்கும் தலைகீழ் வடிகட்டியால் தட்டையாக்குங்கள்.

ஆட்களை வைத்துச் சோதிக்கும்போது காதை மூடுங்கள். 250 ஹெர்ட்ஸ் காதுக்கும் கேட்கும், காது கேட்டதைக் கை உணர்ந்ததாக நம்பிவிடும். ஹெட்ஃபோனில் பிங்க் இரைச்சல் (மற்ற ஒலியை மறைக்கும் சீரான 'ஷ்ஷ்' ஓசை) போட்டால் தீரும். நீண்ட நேரம் தொடர்ந்து அதிர்வைக் கொடுத்தால் பசினியன் மரத்துப்போய், நுண்ணிய பரப்புகளைப் பிரிக்கும் திறன் முதலில் போகும். நடுநடுவே ஓய்வு கொடுங்கள். குளிர்ந்த கையிலும் முதியவர்களிடமும் இந்த ஏற்பி மந்தம். ஏசி அறையில் இருபது வயது மாணவர்களை மட்டும் வைத்துப் பலத்தை முடிவுசெய்துவிடாதீர்கள்.

'எவ்வளவு உண்மையாக இருக்கிறது' என்று கேட்பதைவிட, 80, 120, 240, 400 என நான்கு உப்புத்தாள்களை மேசையில் வைத்து, திரையில் வருவது இதில் எது என்று கேளுங்கள். பக்கத்து எண்ணோடு குழம்பினால் பரவாயில்லை. 80ஐ 400 என்று சொன்னால் வேகம் தவறாக வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சொன்னால் அந்த ஒத்ததிர்வு மேடு இன்னும் அங்கேயே இருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் ஒரு நிமிடச் சோதனை: பேனாவைத் திரையில் ஊன்றி அசையாமல் பிடியுங்கள். கையில் ஏதாவது தெரிந்தால், மற்றதைத் தொடும்முன் அதைச் சரிசெய்யுங்கள்.